மாடி டிவிக்கு எந்தப் பெட்டி வாங்கலாம்? ஓடிடியும் வீட்டு வீடியோவும் ஓடணும்

தக்கலை மாடிவீடு:

தக்கலை பக்கம் மாடி வீடு. ஃபைபர் நெட், 100 எம்பிபிஎஸ் பிளான். மோடம் கீழே முன்னறையில், வாசல் சுவரில் இருக்கு. டிவி மாடி ஹாலில். 55 இஞ்ச் 4கே, வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. மோடம் பக்கத்தில் நின்னு போனில் பார்த்தா 94 எம்பிபிஎஸ் காட்டுது. டிவி இருக்கிற இடத்தில் 9 முதல் 14 வரைதான். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல படம் சுத்திக்கிட்டே நிக்குது. டிவிக்குள்ள இருக்கிற ஆப்பும் மெதுவு, ஒண்ணு திறக்க அரை நிமிஷம் ஆகுது.

அம்மாவும் அப்பாவும் ஒரே ரிமோட்டில் ஓடிடி, யூடியூப் பார்க்கணும். 2 டிபி ஹார்ட் டிஸ்கில் கல்யாணம், பால்காய்ச்சு, திருமுழுக்கு வீடியோ எல்லாம் கிடக்கு, பாதி டிவிடியில் இருந்து காப்பி பண்ணின விஓபி கோப்பு. அதையும் டிவியில் பார்க்கணும், பெங்களூரில் இருக்கிற தங்கச்சியும் பார்க்கணும். மழை வந்தா டிஷ் போயிடுது, அதனால டிடிஎச் நிறுத்தப் போறோம். பட்ஜெட் 25,000 ரூபாய். டிவியை மாத்துற எண்ணம் இல்லை.

மெஷ் (ரெண்டு மூணு வைஃபை டப்பா சேர்ந்து வேலை செய்யுறது) வாங்கணுமா, பெட்டி வாங்கணுமா, ரெண்டுமா?

குழித்துறை நெட்:

பெட்டி பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். கீழே 94, மேலே 9 என்றால் உங்கள் காசு முதலில் போக வேண்டியது ஒரு லேன் வயருக்கு. அதை விட்டுவிட்டு எந்தப் பெட்டி வாங்கினாலும் அதுவும் அதே 9-இல்தான் நிற்கும்.

காரணம் இது. கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் தளத்தை 5 கிகாஹெர்ட்ஸ் அலை தாண்டும்போது பெரும்பகுதி போய்விடுகிறது. டிவி தானாக 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. சாயங்காலம் அக்கம்பக்கத்து வீடுகளும் அதே மூன்றில் பேசும். ஏழு மணிக்கு நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், நெட் கம்பெனி அல்ல. ஆனாலும் ஒன்றைச் சோதியுங்கள்: ஏழரை மணிக்கு மோடத்தில் லேப்டாப்பை வயரில் மாட்டி வேகம் பாருங்கள். அப்போதும் 90-க்கு மேல் வந்தால் வெளியே குறை இல்லை.

4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ், 1080பி-க்கு 5. உங்களுக்கு 9 வருகிறதே, 1080பி-யாவது ஓட வேண்டாமா என்று தோன்றும். அந்த 9 சராசரி. நடுவில் சில நொடி 1-க்கும் கீழே விழுந்து திரும்ப ஏறும், அந்த இடத்தில்தான் வட்டம் சுற்றுகிறது.

மெஷ் இரண்டு டப்பா வாங்கி ஒன்றைக் கீழேயும் ஒன்றை மேலேயும் வைத்தால், இரண்டும் பேசிக்கொள்வது அதே தளத்தின் வழியாகத்தான். நடுவில் வயர் கொடுத்தால் மட்டும் மெஷ்ஷுக்கு அர்த்தம் உண்டு. கரண்டு வயர் வழியாக நெட் அனுப்பும் அடாப்டரும் வேண்டாம். மூன்று ஃபேஸ் வீட்டில் கீழ் அறை ஒரு ஃபேஸ், மாடி வேறு ஃபேஸ் என்றால் சிக்னல் தடுமாறும், நடுவில் இன்வெர்ட்டர் வந்தால் இன்னும் மோசம்.

வயர் கொண்டுபோகும் வழி: வீடு கட்டும்போது மாடிக்கும் லேண்ட்லைன் போன் பாயின்ட் வைத்திருந்தால் சுவருக்குள் பைப் இருக்கும். பழைய போன் வயரின் நுனியில் கேட் 6 வயரை (லேன் வயரில் ஒரு வகை) சேர்த்து இறுக்கிக் கட்டி, இன்சுலேஷன் டேப்பை வழுவழுப்பாகச் சுற்றி, ஒருவர் மேலே இழுக்க ஒருவர் கீழே தள்ளிவிட்டால் வந்துவிடும். இழுப்பதற்கு முன் பழைய வயர் கையால் அசைகிறதா என்று பாருங்கள். அசையாவிட்டால் நடுவில் பூச்சில் மாட்டியிருக்கிறது, பலமாக இழுத்தால் அறுந்து வழியும் போகும். கரண்டு வயர் போகும் பைப்பில் மட்டும் லேன் வயரை விடவே வேண்டாம். பைப் இல்லையென்றால் மாடிப்படி ஓரமாக கேசிங் போட்டுக் கொண்டுபோகலாம். வெளிச்சுவர் வழியைக் கடைசியாக வையுங்கள், அதற்கு இடி ஒரு காரணம்.

வயர் வாங்கும்போது முழுச் செம்பு வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் பாதி விலைக்குக் கிடைக்கும். பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும், அது வேண்டாம். மடக்கினால் முறியும், பிளக் போட்ட இடத்தில் சில மாதத்தில் தொடர்பு விடும்.

பிளக் அடிக்கும்போது இரண்டு முனையிலும் 568பி என்ற நிற வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முறுக்கை அரை இஞ்சுக்கு மேல் பிரிக்க வேண்டாம். வெளி உறை பிளக்குக்குள் போய்க் கவ்வ வேண்டும்.

மேலே டிவி பக்கத்தில் இரண்டு பேண்டு (2.4, 5 கிகாஹெர்ட்ஸ்) உள்ள ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) ரவுட்டர் ஒன்று போதும். அதில் ஆக்சஸ் பாயின்ட் மோடு (வயரில் வரும் நெட்டை வைஃபையாக மட்டும் கொடுப்பது) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் கையால் செய்யலாம். மோடத்தின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள். டிஎச்சிபி-யை (போன், டிவிக்கெல்லாம் முகவரி கொடுக்கும் வேலை) அணையுங்கள். கீழிருந்து வரும் வயரை வான் (WAN, வெளி நெட்டுக்கான) துளையில் அல்ல, லேன் துளையில் செருகுங்கள். டிஎச்சிபி-யை அணைக்க மறந்தால் வீட்டில் இரண்டு பேர் முகவரி கொடுப்பார்கள், சில போனுக்கு நெட் வரும் சிலதுக்கு வராது. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதே இருக்கட்டும். சேனல் மட்டும் வேறு: 5 கிகாஹெர்ட்ஸில் கீழே 36 என்றால் மேலே 149.

வடசேரி திரை:

முதலில் வயர் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பெட்டிக்கு வருகிறேன்.

ஆறு வருஷ டிவியில் ஆப் மெதுவாகத் திறப்பது நெட்டால் அல்ல. அந்தக் காலத்து டிவிகளில் சிப்பும் மெதுவு, நினைவகமும் குறைவு. ஆப்கள் வருஷா வருஷம் பெருத்துவிட்டன. டிவியைத் திரையாக மட்டும் வைத்துக்கொண்டு எச்டிஎம்ஐ-யில் ஒரு ஸ்டிக் (ஓடிடி ஆப்களை ஓட்டும் குட்டிக் கருவி) மாட்டுவது சரியான வழி. திரை நன்றாக இருக்கும்போது டிவியை மாற்றுவது வீண் செலவு.

ஃபயர் டிவி ஸ்டிக் 4கே அல்லது ஷவோமி டிவி ஸ்டிக் 4கே, இரண்டில் எது கைக்கு வருகிறதோ அது. இரண்டிலும் 2 ஜிபி நினைவகம், 8 ஜிபி சேமிப்பு. யூடியூப் இப்போது அதிகம் அனுப்பும் ஏவி1 வடிவத்தை இரண்டும் வன்பொருளிலேயே விரிக்கும். ஃபயர் ஸ்டிக் வாங்கும்போது அட்டையில் பெயரை முழுதாகப் படியுங்கள். 4கே செலக்ட் என்ற பெயரில் வருவது வேகா என்ற வேறு இயங்குதளம், அதில் ஆண்ட்ராய்டு ஆப்களை நாமே ஏற்ற முடியாது. ஆப்பிள் டிவி நல்ல பொருள்தான், ஆனால் லேன் துளை 128 ஜிபி மாடலில் மட்டுமே, உங்கள் பட்ஜெட்டில் பெரும்பங்கு அதற்கே போய்விடும்.

பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகள் 8 ஜிபி நினைவகம், 8கே என்று அட்டையில் போட்டு மலிவாக வரும். தொடாதீர்கள். நெட்ஃபிளிக்ஸ் போன்றவை வைட்வைன் (படத்தைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் பூட்டு) எல்1 சான்று இருந்தால்தான் எச்டி கொடுக்கும். எல்3 மட்டும் உள்ள பெட்டியில் 55 இஞ்ச் திரையிலும் 480பி கலங்கல்தான் வரும். மாதச் சந்தா முழுதாகக் கட்டிவிட்டு அப்படிப் பார்க்க வேண்டியதில்லை.

மாட்டும்போது இரண்டு இடத்தில் தவறு நடக்கும். ஸ்டிக்குக்கு டிவியின் யுஎஸ்பி-யிலிருந்து கரண்டு எடுப்பது ஒன்று. யுஎஸ்பி 2.0 துளை கொடுப்பது அரை ஆம்பியர், 4கே ஓடும்போது ஸ்டிக் அதைவிட அதிகம் இழுக்கும், தானாக ரீஸ்டார்ட் ஆகும். கூட வரும் அடாப்டரையே பயன்படுத்துங்கள். இன்னொன்று, ஸ்டிக்கை டிவி முதுகில் நேரடியாகச் செருகுவது. டிவியின் உலோகத் தகடு வைஃபையை மறைக்கும், சூடும் ஏறும். குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரில் தொங்கவிடுங்கள்.

டிவி அமைப்பில் அந்த எச்டிஎம்ஐ துளைக்கு மேம்பட்ட வடிவம் என்ற விருப்பத்தை இயக்குங்கள் (கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும்), இல்லாவிட்டால் எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடுதலாகத் தெரியும் படம்) வராது. சிஇசி (எச்டிஎம்ஐ வழியே கருவிகள் ஒன்றையொன்று இயக்குவது) என்பதையும் இயக்குங்கள். ஸ்டிக் ரிமோட்டை அழுத்தினால் டிவி தானே எழுந்து சரியான துளைக்கு வந்துவிடும், அம்மா அப்பாவுக்கு ஒரே ரிமோட் போதும். படத்தின் பிரேம் வேகத்தோடு ஒத்துப்போகும் விருப்பமும் இருக்கும், அதையும் போடுங்கள். உங்கள் கல்யாண வீடியோ 25 பிரேம். அதை 60-இல் காட்டினால் கேமரா மெல்லத் திரும்பும் இடமெல்லாம் வெட்டி வெட்டிப் போகும்.

வீட்டு வீடியோவுக்குத் தனிக் கம்ப்யூட்டர் எல்லாம் வேண்டாம். ஹார்ட் டிஸ்கை மோடத்தின் யுஎஸ்பி-யில் மாட்டிவிட்டு, ஸ்டிக்கில் விஎல்சி என்ற வீடியோ ஆப்பைப் போட்டுப் பாருங்கள்.

ரப்பர்க்காடு சர்வர்:

பெட்டி பற்றி வடசேரி அண்ணாச்சி சொன்னதெல்லாம் சரி. கடைசி இரண்டு வரி மட்டும் இவருக்குப் பொருந்தாது.

நெட் கம்பெனி கொடுக்கும் மோடத்தின் யுஎஸ்பி பெரும்பாலும் 2.0. இரண்டரை இஞ்ச் டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்போது அது கேட்கும் கரண்டை அந்தத் துளையால் கொடுக்க முடியாது. டிக் டிக் சத்தம், நடுவில் இணைப்பு விடுதல், கடைசியில் கோப்புப் பட்டியலே கெடுதல் என்று வரிசையாக வரும். இருப்பது ஒரே பிரதி. அதை அப்படி ஒரு துளையில் தொங்கவிடக் கூடாது. மோடத்தின் கோப்புப் பகிர்வு எஸ்எம்பி 1 என்ற பழைய முறையாக இருந்தால் பாதுகாப்பும் இல்லை. பெங்களூரில் இருக்கும் தங்கச்சிக்கு அந்த வழியில் எதுவும் போகவும் போகாது.

இன்டெல் என்100 சிப் உள்ள சின்ன கம்ப்யூட்டர், 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். சிப்பின் அளவீடு 6 வாட். டிஸ்க்கோடு சேர்த்துச் சராசரி 10 வாட் என்று வைத்தாலும் 60 நாளுக்கு 14.4 யூனிட். நம் மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் அந்தக் கணக்கு. அதில் டெபியன் அல்லது உபுண்டு (இரண்டும் லினக்ஸ் இயங்குதளம்) போட்டு, மேலே ஜெல்லிஃபின், அதாவது நம் வீடியோக்களை டிவிக்கும் போனுக்கும் அனுப்பும் சர்வர் மென்பொருள். ஜெல்லிஃபின் 2018 டிசம்பரில் எம்பி (Emby) என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது, முழுக்க இலவசம். இதே வேலை செய்யும் பிளெக்ஸில், வீடியோ வடிவத்தை வன்பொருளால் மாற்றுவதற்கும், 2025 ஏப்ரலுக்குப் பிறகு வீட்டுக்கு வெளியே பார்ப்பதற்கும் காசு கட்ட வேண்டும்.

ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கைக் கம்ப்யூட்டர் வேண்டாம். பை 5-இல் எச்.264 என்ற பரவலான வீடியோ வடிவத்தை விரிக்கும் வன்பொருளே இல்லை. டிவியில் நேராக மாட்டி கோடி (Kodi) என்ற வீடியோ ஆப்பை ஓட்ட நல்லது, இன்னொரு ஊருக்கு வீடியோவைச் சுருக்கி அனுப்பும் வேலைக்கு அது ஏற்றதல்ல.

ஜெல்லிஃபின் போட்டதும் பிரவுசரில் 8096 என்ற போர்ட் எண்ணில் திறக்கும். நூலகம் சேர்க்கும்போது வகையை வீட்டு வீடியோ, புகைப்படம் என்று கொடுங்கள். திரைப்படம் என்று கொடுத்தால் உங்கள் பால்காய்ச்சு வீடியோவுக்கு ஏதோ ஒரு சினிமா போஸ்டரைத் தேடி ஒட்டிவிடும். பிளேபேக் பகுதியில் குயிக்சிங்க்கை (இன்டெல் சிப்பே வீடியோவை மாற்றும் வசதி) தேர்ந்தெடுங்கள். லினக்ஸில் ஜெல்லிஃபின் பயனரை ரெண்டர் குழுவில் (அந்த வசதியைப் பயன்படுத்த அனுமதி உள்ள குழு) சேர்க்காவிட்டால் படம் ஓடத் தொடங்கும் இடத்திலேயே பிழை காட்டி நிற்கும்.

தங்கச்சிக்கு: மோடத்தில் துளை (போர்ட், வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்து விடுவது பல இணைப்புகளில் வேலை செய்யாது. ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருப்பார்கள். மோடம் காட்டும் வான் முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் உங்களுடையதும் அப்படித்தான். டெயில்ஸ்கேல் என்ற ஆப்பை (தொலைவில் உள்ள கருவிகளை ஒரே வீட்டு நெட்போல் இணைப்பது) சின்ன கம்ப்யூட்டரிலும் தங்கச்சியின் டிவியிலும் போட்டு, ஒரே கணக்கில் சேர்த்தால் போதும், எந்தத் துளையும் திறக்க வேண்டாம். ஜெல்லிஃபின் டாஷ்போர்டில் இணைய வழி வரம்பை 6 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். அதற்கு முன் உங்கள் பிளானில் ஏற்றும் வேகம் எவ்வளவு என்று பாருங்கள், இறக்கும் வேகம் இங்கே உதவாது.

விஓபி கோப்புகளுக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது. டிவிடி 1 ஜிபி, 1 ஜிபியாக வெட்டித்தான் வைத்திருக்கும். தனித்தனியாக ஓட்டினால் தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் முடிந்துவிடும். டிவிடி இன்னும் இருந்தால் மேக்எம்கேவி என்ற மென்பொருளில் கொடுத்து ஒரே எம்கேவி கோப்பாக எடுங்கள், தரம் குறையாது. அந்த மூலத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு மட்டும் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றியில் ஒரு பிரதி: எச்.264, தரம் 18 முதல் 20, டீஇன்டர்லேஸில் (வரி விட்டு வரி பதிவான படத்தை முழுப் படமாக்குவது) பாப். பாப் போட்டால் 50 பிரேம் கிடைக்கும், கையசைவில் வரும் சீப்புப் பல் கோடுகள் போய்விடும். 720க்கு 576 அளவை அப்படியே விடுங்கள், பெரிதாக்கினால் கோப்புதான் பெருக்கும். பழைய 4:3 வீடியோவை அகலத் திரைக்கு இழுத்து நிரப்பவும் வேண்டாம், எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள்.

டிவிடியில் பூஞ்சை படிந்திருந்தால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாக அல்ல. வீடியோ கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள். பிளேயருக்குள் நாடாவைப் படிக்கும் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

வடசேரி திரை:

தங்கச்சி பார்க்க வேண்டும் என்பதை நான் கவனிக்கவில்லை. அப்படியானால் என்100 சரி. வீட்டுக்குள் மட்டும் என்றால் இப்போதும் என் பதில் அதே விஎல்சிதான், ஆனால் மோடத்தில் வேண்டாம், தனி அடாப்டர் உள்ள மூன்றரை இஞ்ச் டிஸ்கோடு மாடி ரவுட்டரின் யுஎஸ்பி 3.0 துளையில். அதிலும் ஒன்று: யுஎஸ்பி 3.0 வயர் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுப்பும். டிஸ்கை ஆன்டெனாவிலிருந்து இரண்டு அடி தள்ளி வையுங்கள்.

முட்டம் காற்று:

இடியை யாரும் விரிவாகச் சொல்லவில்லை. நம் கன்னியாகுமரி, தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் வாங்கும் மாவட்டம். ஏப்ரல், மே கோடை இடியும், ஐப்பசி மழை இடியும்தான் இந்தப் பெட்டிகளைக் கொல்கின்றன.

ஃபைபர் கண்ணாடி, அதன் வழியே மின்சாரம் வராது. ஆனால் போஸ்டிலிருந்து வீட்டுக்கு வரும் வயரில் தாங்குவதற்கு ஒரு எஃகுக் கம்பி ஒட்டியிருக்கும். அது வெளியே கொக்கியிலேயே கட்டி முடிய வேண்டும். சில இடங்களில் அதையும் சேர்த்து மோடம் வரை இழுத்து விட்டிருப்பார்கள். பாருங்கள், இருந்தால் வந்து வெட்டச் சொல்லுங்கள். நீங்களே வெட்டினால் ஃபைபரும் சேர்ந்து போகும்.

டிடிஎச் நிறுத்துகிறீர்கள் என்றால் அன்றைக்கே டிஷ் வயரைப் பெட்டியிலிருந்தும், பெட்டியை டிவியிலிருந்தும் கழற்றிவிடுங்கள். மொட்டை மாடியில் இரும்புத் தட்டு, அதிலிருந்து செம்பு வயர் நேராக டிவியின் எச்டிஎம்ஐ போர்டுக்கு வருகிறது. பார்க்காத டிஷ்ஷை அப்படியே விட்டுவைப்பதுபோல் மோசம் வேறில்லை. லேன் வயருக்கு வெளிச்சுவர் வழியைக் கடைசியாக வையுங்கள் என்று குழித்துறைக்காரர் சொன்னதும் இதனால்தான். வீட்டுக்கும் வெளியே உள்ள தனிக் கட்டடத்துக்கும் நெட் வேண்டுமென்றால் நடுவில் ஃபைபர் போடுங்கள்.

ஸ்பைக் கார்டு (திடீர் வோல்டேஜைத் தடுக்கும் பிளக் பலகை) எர்த் சரியாக இருந்தால்தான் வேலை செய்யும். இடி கேட்டால் கரண்டு பிளக், லேன் வயர் இரண்டையும் கழற்றுவதுதான் உறுதியான வழி.

கரண்டு போனால்: இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் வைத்தால் மாறும் நேரம் குறைவு, ஸ்டிக்கும் சின்ன கம்ப்யூட்டரும் ரீஸ்டார்ட் ஆகாது. ஆனால் வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலே பேட்டரிக்குத் தாவும். மாலையில் வோல்டேஜ் இறங்கும் இடமென்றால் அதைச் சாதாரண மோடில் விட்டு, மோடத்துக்கு மட்டும் தனி மினி யுபிஎஸ் வாங்குங்கள். மோடம் அடாப்டரில் 12 வோல்ட், எத்தனை ஆம்பியர், நடுமுனை நேர்மின்னா என்று பார்த்து அதற்குப் பொருந்துவதாக. உள்ளே 2 ஆம்பியர்-மணி செல் நான்கு இருந்தால் சுமார் 29 வாட்-மணி. 10 வாட் மோடத்தை இரண்டரை மணி நேரம் தாங்கும்.

டிஸ்கின் இரண்டாவது பிரதி தங்கச்சியிடம் பெங்களூரில் இருக்கட்டும். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலையும், 2021 நவம்பர் வெள்ளத்தையும் பார்த்த மாவட்டத்தில் எல்லாப் பிரதியும் ஒரே வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கக் கூடாது.

தக்கலை மாடிவீடு:

எல்லாருக்கும் நன்றி. போன் பைப் இருக்கு, வயர் இழுத்தாச்சு. ஆனா மாடியில் லேப்டாப் மாட்டினா இணைப்பு 100 எம்பிபிஎஸ்-னுதான் காட்டுது, 1000 வரல. வயர் கோளாறா? டிவியில் நேரா மாட்டினாலும் 100தான். இன்னொண்ணு, ஜெல்லிஃபினைப் பழைய லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமா வருது.

குழித்துறை நெட்:

டிவியை விடுங்கள், பெரும்பாலான டிவிகளின் லேன் துளையே 100தான், 4கே ஓடிடிக்கு அது தாராளம். லேப்டாப்பில் 100 காட்டினால் முதலில் அதே லேப்டாப்பைக் கீழே மோடத்தில் வேறு வயரால் மாட்டிப் பாருங்கள். அங்கே 1000 வந்தால் உங்கள் பிளக்கில் நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ தொடவில்லை. 1, 2, 3, 6 மட்டும் தொட்டாலே 100 வந்துவிடும், மீதி நான்கும் சேர்ந்தால்தான் 1000. இரண்டு முனையையும் வெட்டி மறுபடி அடியுங்கள். கீழேயும் 100தான் என்றால் மோடத்தின் வேறு துளையைப் பாருங்கள், சில மோடத்தில் ஒரு துளை மட்டும் ஜிகாபிட்.

ரப்பர்க்காடு சர்வர்:

கட்டம் வந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். சர்வர் சப்டைட்டிலைப் படத்தோடு சேர்த்து எரித்து அனுப்புகிறது, அந்த லினக்ஸில் தமிழ் எழுத்துரு கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவை நிறுவி ஜெல்லிஃபினை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு ஜெல்லிஃபினின் சப்டைட்டில் அமைப்பில், எரிப்பதைப் பட வடிவங்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் கோப்பு அப்படியே எழுத்தாகப் போகும், சர்வருக்கு வேலையும் மிச்சம்.

கட்டம் அல்லாமல் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கலந்து வந்தால் அது வேறு நோய். கோப்பு பாமினியிலோ டிஸ்கியிலோ (யுனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்து முறைகள்) அடிக்கப்பட்டது. யுனிகோடுக்கு மாற்றி, நோட்பேடில் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று கொடுங்கள்.